உக்கிரபாண்டியின் உயரம்

ஆலைச் சங்கு ஊதி அரைமணி ஆகியும் வைரவா மில் வாசலில் பதிலி ஆட்கள் நாற்பது பேருக்கு மேல் நின்றுகொண்டிருந்தார்கள். உள்ளே யார் யார் வேலைக்கு வரவில்லை என்று பார்த்து முடித்த பிறகு மேஸ்திரி வெளியே வந்து, வேண்டிய அளவுக்குத் தகர வில்லைகளை நீட்டுவார். வில்லை கிடைத்தவனுக்கு அன்றைக்கு வேலை. கிடைக்காதவன் தூக்குச்சட்டியைத் திறக்காமலே வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

தாஜுன்னிசா வெள்ளைத் துப்பட்டியை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு அவர்களைப் பார்த்தாள். ஆறு வருஷம் தன் புருஷன் நின்ற இடம் இது. மற்ற எல்லாத் தலைகளுக்கும் மேலே ஒரு தலையாக அவன் நின்றிருப்பான். அதை அவள் பார்த்ததில்லை. அவன் சொன்னதும் இல்லை. காலையில் ஆலைக்குப் போனேன், சாயங்காலம் கூடைப்பந்து ஆடினேன் என்பதோடு முடித்துக்கொள்வான்.

"அடேயப்பா! யாரு வாரது? பாண்டியா?"

காவல்கூண்டிலிருந்து சின்னக்கருப்பன் ஓடிவந்தார். நரைத்த மீசை, காக்கிச் சட்டையில் ஒரு பித்தானுக்குப் பதில் ஊக்கு. அவளோடு வந்த புருஷன் சதக்கத்துல்லாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, பதிலி ஆட்களைப் பார்த்துக் கத்தினார்.

"ஏலே, பாத்துக்கங்கடா! இந்தா நிக்கிறாரே, இவரு மேல கையத் தூக்குனா வளையத்துக்கும் கைக்கும் ஒரு சாண்தான் மிச்சம். நம்ம மில்லுக்கு மூணு கப்பு வாங்கிக் குடுத்த மகராசன்!"

பதிலி ஆட்களில் இரண்டொருவர் சிரித்தார்கள். மற்றவர்கள் மேஸ்திரி வரும் வழியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நல்லாருக்கீகளா அண்ணே? டைம் ஆபீசு வரைக்கும் போகணும். ஒரு கடுதாசி வாங்கணும்" என்றான் சதக்கத்துல்லா.

"தாராளமாப் போங்க. வந்தவுக பேர எழுதணும்னு இப்ப ஒரு சட்டம் போட்டிருக்காக. நீங்க நில்லுங்க, நான் எழுதிக்கிறேன். போறப்ப ஒரு கையெழுத்து மட்டும் போட்டுட்டுப் போங்க." சின்னக்கருப்பன் பெரிய நோட்டை விரித்து, நாக்கை ஒரு பக்கமாகக் கடித்துக்கொண்டு மெதுவாக எழுதினார். "கால் எப்படி இருக்கு?"

"இருக்கு" என்றான் சதக்கத்துல்லா.

ஆட்களின் வருகைக் கணக்கு வைக்கும் டைம் ஆபீஸ் வராந்தாவில் கிடந்த பெஞ்சு குள்ளமானது. இங்கே ஆடி அடிபட்டதிலிருந்து அவனுக்கு வலது முழங்கால் மடங்காது. அதை நீட்டியே வைத்திருந்ததால் போகிறவர்கள் வருகிறவர்கள் தாண்டிப் போனார்கள். ஒவ்வொருவருக்கும் அவன் "மன்னிச்சுக்கங்க" என்றான். தாஜுன்னிசா மடியிலிருந்த துணிப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பையில் மூன்று சான்றிதழ்களும் ஒரு போட்டோவும் இருந்தன.

மண்டபத்தில் புதிதாக ஐஸ் கம்பெனி வருகிறது. ஸ்டோர் குமாஸ்தா வேலை ஒன்று இருக்கிறதென்று அவளுடைய அண்ணன் அலியார் காக்கா முதலாளியிடம் சொல்லி வைத்திருந்தார். உட்கார்ந்து பார்க்கிற வேலை. நிரந்தர வேலை. முதலாளிக்கு ஒன்றே ஒன்றுதான் தயக்கம்.

"ஊர் ஊராத் திரிஞ்ச ஆளுன்னு சொல்றாங்களே அலியாரு. ஒரே எடத்துல அஞ்சு வருசம் நெலையா வேலை பாத்தாருன்னு ஒரு கடுதாசி கொண்டாரச் சொல்லுங்க. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பொறவு ஆளை எடுக்குறேன்."

இன்று புதன்கிழமை.

ஊர் ஊராகத் திரிந்தது பொய்யில்லை. தேவிபட்டினத்தில் அவன் வாப்பா வீட்டுக்கு அந்தக் காலத்தில் தந்தி வந்துகொண்டே இருக்கும். தந்தி என்றால் சாவுச் செய்தி என்று நினைத்து மாமனார் ஒவ்வொரு தடவையும் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிடுவார். பிரித்துப் படித்தால், 'உடனே வா, வெள்ளிக்கிழமை ஆட்டம்' என்று இருக்கும். சுதந்திரம் வந்த வருஷம் மதராசில் ஒரு போலீஸ் அணிக்கு ஆடினான். அப்புறம் கோயம்புத்தூரில் ஒரு மில். அங்கே வேறு உயரமான ஆள் கிடைத்ததும் தூத்துக்குடியில் ஒரு மில். கொழும்பில் ஒரு வருஷம், பாஸ்போர்ட்டுக் காகிதத் தகராறு வரும்வரை. கடைசியாகத்தான் இந்த வைரவா மில். எந்த ஊரிலும் அவனுக்கு மனசு ஒட்டாமல் போனதில்லை. எல்லா ஊரிலும், போகச் சொன்ன பிறகுதான் பெட்டி கட்டியிருக்கிறான். ஆட்டம் உள்ள காலத்தில் தோளில் தூக்கினார்கள். ஆட்டம் முடிந்த மாதத்தில் பதிலி வரிசையில் நிறுத்தினார்கள்.

ஐந்து ஊருக்கும் ஐந்து பனியன். நீலம் அடுப்பங்கரையில் சட்டி இறக்கும் துணியாயிற்று. சிவப்பை வெட்டி மூத்தவளுக்குப் பாவாடைக்கு உள்பக்கம் வைத்துத் தைத்தாள். மஞ்சளில் இரண்டு தலையணை உறை. கொழும்புப் பனியன் அவன் கருவாட்டுக் கொட்டகைக்குக் கூலி வேலைக்குப் போகும்போது தலையில் கட்டிக்கொள்ள. வைரவா மில்லின் பச்சைப் பனியன் மட்டும் ஏழாம் நம்பரோடு டிரங்குப் பெட்டியில் மடித்தபடியே இருந்தது. அதை எடுத்து வெட்ட அவளுக்குக் கை வரவில்லை.

பக்கத்து வீட்டுக் காலிதா இன்று காலை கூடக் கேலி பேசினாள். இரண்டு பிள்ளைகளையும் அவள் வீட்டில் விடப் போனபோது, தாஜுன்னிசாவின் கையில் ஒட்டியிருந்த ஓலைச் சாயத்தைப் பார்த்து, "புருசன் கூடையில பந்து போட்டு ஓஞ்சாரு. பொண்டாட்டி கூடை பின்னி ஓயப் போறா. நல்ல கூடைக் குடும்பம்டி" என்றாள். இருவரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டுக் காலிதாவே, "கடுதாசி கெடைச்சிரும் போ, நான் துஆ செய்றேன்" என்றாள்.

கடுதாசி கிடைத்துவிடும் என்றுதான் சதக்கத்துல்லாவும் பஸ்ஸில் வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்தான். "எல்லாருக்கும் தெரியும்ல தாஜு. நான் ஆடுனது இந்தத் தாலுக்காவுக்கே தெரியும்." அவள் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். மூன்று சான்றிதழ்களிலும் இருந்த பெயர் வேறு. அதை இருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அது ஐம்பத்து மூன்றில் நடந்தது. அவன் மில்லுக்கு வந்த மூன்றாவது நாள் கோப்பை ஆட்டம். பதிவேட்டில் ஒரு வருஷமாவது பேர் உள்ள நிரந்தரத் தொழிலாளிதான் ஆடலாம் என்பது போட்டி நடத்துகிறவர்களின் விதி. அணித் தலைவன் பஞ்சு அடிக்கும் ப்ளோ ரூமுக்குள் போய், பஞ்சுத் தூசி படிந்த ஒரு குள்ள மனிதனைக் கூட்டிவந்தான். "இவரு பேரு உக்கிரபாண்டி. இன்னைக்குச் சாயங்காலம் நீங்கதான் உக்கிரபாண்டி. ஒரே ஒரு ஆட்டம் பாய்" என்றான். அந்த ஒரு ஆட்டத்தில் மில் ஜெயித்தது. மறுநாள் பத்திரிகையில் பேர் வந்துவிட்டது. இனி மாற்றினால் வாங்கிய கோப்பையைத் திருப்பித் தர வேண்டும். "பேருல என்ன இருக்கு? நிரந்தரம் பண்றப்ப எல்லாத்தையும் சரி பண்ணிக்கலாம்" என்றார் அப்போதிருந்த மானேஜர்.

ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னாலும் அணித்தாளில் கையெழுத்துப் போட வேண்டும். அது உக்கிரபாண்டியின் கையெழுத்தைப் போலவே இருக்க வேண்டும். அதற்கு அவன் வீட்டில் பழகியது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. கல்யாணமாகி ஐந்து மாதம். அவள் பின்னுகிற ஓலைக் கொட்டானுக்குச் சாயம் காய்ச்சிய சாயங்காலம். மிஞ்சிய சாயத்தில் ஈர்க்குச்சியைத் தோய்த்து, கழித்துப்போட்ட ஓலைத் துண்டுகளில் அவன் எழுதி எழுதிப் பார்த்தான். உக்கிரபாண்டி கடைசி எழுத்தின் வாலைக் கீழே இழுத்து ஒரு சுழி சுழித்து விடுவார். அந்தச் சுழி அவனுக்கு வரவில்லை. "இங்கன கொண்டாங்க" என்று அவள்தான் குச்சியை வாங்கிச் சுழித்துக் காட்டினாள். பின்னுகிற கை, உடனே வந்துவிட்டது. அவன் கையைப் பிடித்து நாலு தடவை சுழிக்க வைத்தாள். விரலெல்லாம் சிவப்பு. இரண்டு பேருக்கும் அப்படி ஒரு சிரிப்பு.

அவன் ஆடி அவள் பார்த்தது ஒரே ஒரு தடவை. ராமநாதபுரத்தில் தன் அக்கா வீட்டு மொட்டைமாடியின் கைப்பிடிச் சுவரில் பூவேலைத் துளைகள் இருந்தன. அதன் வழியே பார்த்தால் பக்கத்துப் பள்ளிக்கூட மைதானம். சுற்றிலும் கயிறு கட்டி, கயிற்றுக்கு வெளியே ஆயிரம் பேர். செம்மண் தரையில் சுண்ணாம்புக் கோடு. பச்சைப் பனியன் போட்ட ஒருவன் கூட்டத்துக்கு நடுவிலிருந்து எழும்புகிறான். எழும்பியவன் உடனே இறங்கவில்லை. அங்கேயே கொஞ்சம் நின்றுவிட்டு, பந்தை வளையத்துக்குள் வைத்துவிட்டு இறங்குவதுபோல இருந்தது. "பாண்டி! பாண்டி!" என்று மைதானம் கத்தியது.

"யாரு லாத்தா அந்தப் பாண்டி?" என்று கேட்டுவிட்டாள். வீட்டில் நிலை தலையில் இடிக்காமல் குனிந்து குனிந்து நடக்கிறவன் தோள் நிமிர்ந்து நின்றதை அவள் பார்த்ததில்லை.

லாத்தா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அடி கோட்டிக்காரி, ஒன் மாப்பிள்ளதான்டி!"

அன்றிலிருந்து அவளுக்கும் அந்தப் பேர் பிடித்துவிட்டது. யாரும் இல்லாதபோது, "பாண்டியரே, சோறு ஆறுது" என்பாள். அவன் நிமிர்ந்து பார்ப்பான். சதக்கத்துல்லா என்ற பேருக்கு அவன் அப்படி நிமிர்ந்ததே இல்லை. பேரை மாற்றச் சொல்லி அவள் ஒருநாளும் அவனை நெருக்கவில்லை. நெருக்கியிருக்க வேண்டும். மைதானத்தில் கத்தியவர்களைப் போலத்தான் தானும் இருந்திருக்கிறோம் என்று தோன்றியது.

"சதக்கத்துல்லா யாருங்க?" என்று பியூன் உள்ளேயிருந்து கூப்பிட்டான்.

குமாஸ்தாவின் மேஜைக்கு எதிரே ஒரு நாற்காலிதான் இருந்தது. அவளை அதில் உட்காரச் சொல்லிவிட்டு அவன் சுவரில் கைவைத்து நின்றான். குமாஸ்தா கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனைப் பார்த்துச் சிரித்தார்.

"ஞாபகம் இல்லாம இருக்குமா பாய்? அந்த இறுதியாட்டத்துல கடைசி நிமிசத்துல பாதிக் கோட்டுல இருந்து வீசினீங்களே. நான் கத்துன கத்துல ரெண்டு நாள் தொண்டை கட்டிக்கிச்சு."

"அதான் சார், ஆறு வருசம் இங்கன இருந்தேன்னு ஒரு கடுதாசி…"

குமாஸ்தா மூன்று பதிவேடுகளைப் புரட்டினார். நிதானமாகத்தான் புரட்டினார். ஒவ்வொரு பக்கத்திலும் விரலை வைத்து மேலிருந்து கீழே ஓட்டினார். தாஜுன்னிசா அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பேர் இல்லையே பாய்."

"பதிலி நோட்டுல பாருங்க சார்."

"பதிலி நோட்டை வருசம் முடிஞ்சா பாய்லருக்குப் போட்டுருவோம். எப்பவும் அதான் வழக்கம்."

அவள் பையைத் திறந்து சான்றிதழ்களை மேஜையில் வைத்தாள். போட்டோவையும் வைத்தாள். குமாஸ்தா அதைக் கையில் எடுக்கவில்லை. அதே போட்டோ சட்டம் போட்டு அவர் தலைக்கு மேலே மாட்டியிருந்தது. பின்வரிசையில் நடுவில், மற்றவர்களின் தலைக்கு மேலே ஒரு தலை. கீழே அச்சடித்த வரியில் அந்த இடத்துக்கு நேராக 'வ. உக்கிரபாண்டி' என்றிருந்தது.

"சார், நீங்களே பாத்திருக்கீக. நீங்களே கத்தியிருக்கீக" என்றாள் தாஜுன்னிசா. அந்நிய ஆணிடம் இவ்வளவு சத்தமாகப் பேசியது அவளுக்கே திடுக்கென்றது.

"இல்லைங்கலம்மா. கைதட்டியிருக்கேன். கைதட்டுறதெல்லாம் பதிவேட்டுல ஏறாதே." அவர் ஆளை விட்டு உக்கிரபாண்டியைக் கூப்பிட்டார்.

உக்கிரபாண்டி வந்தார். ஐந்தடி இருப்பார். தலைமுடி, புருவம், காதுமடல் எல்லாம் பஞ்சு. தோளில் மேஸ்திரித் துண்டு. விளையாட்டு வீரர் என்ற தகுதியில் அவரை மேஸ்திரியாக்கியிருந்தார்கள். மில் குடியிருப்பில் ஒரு வீடும் கொடுத்திருந்தார்கள். அவர் சதக்கத்துல்லாவைப் பார்த்ததும் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டார்.

"வாங்க பாய். தங்கச்சி, வாங்கம்மா. பிள்ளைக சொகமா?" என்றவருக்கு இருமல் வந்துவிட்டது. நின்று இருமி முடித்தார்.

விஷயத்தைக் குமாஸ்தா சொன்னார். உக்கிரபாண்டி சட்டம் போட்ட போட்டோவைப் பார்த்தார். அதைப் பார்க்க அவர் அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது.

"நான் எழுதிக் குடுக்கிறேன் சார். அதுல இருக்கிறது நான் இல்லைன்னு எழுதிக் குடுக்கிறேன். கண்ணு இருக்கவன் எவனும் பாத்தாத் தெரியுமே" என்றார்.

"எழுதுங்க, வேணாங்கல. அதை நான் மேல அனுப்பணும். புது மானேஜர் என்ன சொல்வாருன்னு ஒங்களுக்கே தெரியும். ஆடாத ஆளுக்கு எப்படி மேஸ்திரி வேலை? அந்த வீடு எப்படி? ஆள்மாறாட்டம்பாரு. ரெண்டு பேரு மேலயும் வரும். கப்பும் போகும்."

சுவருக்கு அப்பால் இயந்திரங்கள் ஓடும் சத்தம் தரையில் அதிர்ந்துகொண்டிருந்தது.

"மூத்தவளுக்கு ஆவணியில கல்யாணம்" என்றார் உக்கிரபாண்டி. யாரிடமும் சொல்வதாக இல்லை. பிறகு நிமிர்ந்து, "ஆனாலும் எழுதுறேன் பாய். நீங்க சொல்லுங்க. சொன்னா எழுதிருவேன்" என்றார்.

தாஜுன்னிசா புருஷன் முகத்தைப் பார்த்தாள். சொல்லுங்க என்று பார்த்தாள். கருவாட்டுக் கொட்டகையில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கும் இவனைச் சுற்றிக் கூடைகளை இழுத்துப் போகிறார்கள். போன வாரம் இரண்டு நாள்தான் கூப்பிட்டார்கள். சொல்லுங்க. ஒரு வார்த்தைதான். அவன் அவளைப் பார்க்கவில்லை. போட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த உயரத்திலிருந்த ஒருவனுக்குப் பதில் சொல்பவனைப் போல இருந்தான்.

"வேணாம்ணே. வெள்ளிக்கிழமைக்குள்ள எல்லாம் ஆகுற காரியமும் இல்ல" என்றான். "போட்டோவுல இருக்கிறது உக்கிரபாண்டிதான். அப்படியே இருக்கட்டும்."

உக்கிரபாண்டி துண்டால் முகத்தைத் துடைத்தார். பஞ்சு போனது. ஈரம் இருந்தது. "டீயாவது குடிச்சுட்டுப் போங்க பாய்" என்றார்.

"இன்னொரு நாள் வாரேன்ணே."

குமாஸ்தா சான்றிதழ்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, தூசி தட்டி, தாஜுன்னிசாவிடம் கொடுத்தார். மரியாதையாக எழுந்து நின்றுதான் கொடுத்தார்.

மில் மைதானத்தின் ஓரமாகத்தான் வாசலுக்கு வழி. வளையங்கள் இரண்டும் துருப்பிடித்திருந்தன. ஒன்றில் யாரோ ஈர வேட்டியைக் காயப்போட்டிருந்தார்கள். சுண்ணாம்புக் கோடு அழிந்து, நடுவட்டம் மட்டும் லேசாகத் தெரிந்தது. சதக்கத்துல்லா அங்கே ஒருகணம் நின்றான். கோபப்பட வேண்டும் என்றுதான் அவள் வாயைத் திறந்தாள்.

"இந்த வளையமா?" என்று கேட்டாள்.

"அந்தா, வேட்டி காயுதே, அது. அதுல கொஞ்சம் சாய்வு இருக்கும். வெளியூர்க்காரனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்." அவன் முகம் ஒரு நொடி மாறியது. மாடியில் துளை வழியே பார்த்த முகம். "நீ ஒரு தடவைதான் பாத்த, இல்ல?"

"ஒரு தடவைதான்."

"நெறைய தடவை கூட்டியாந்திருக்கணும்" என்றான். விந்தி விந்தி நடந்தான். அவள் பின்னாலேயே போனாள். வெள்ளிக்கிழமை காக்காவிடம் என்ன சொல்வது என்று ஒருபக்கம் மனசு கணக்குப் போட்டது. இன்னொருபக்கம், அந்தப் பச்சைப் பனியனை இன்றைக்கே எடுத்து வெட்டிவிட வேண்டும் என்று நினைத்தாள். வெட்ட மாட்டோம் என்றும் தெரிந்தது.

வாசலில் பதிலி ஆட்கள் பத்துப் பதினைந்து பேர் இன்னும் நின்றுகொண்டிருந்தார்கள். தூக்குச்சட்டிகள் சுவரோரம் வரிசையாக இருந்தன.

"கடுதாசி கெடைச்சிச்சா பாண்டி?" என்றார் சின்னக்கருப்பன்.

"அனுப்பி வைக்கிறாகளாம்ணே."

"அனுப்பாம? ஒங்களுக்கு இல்லாமயா!" அவர் நோட்டைத் திருப்பி நீட்டினார். பேனாவை மூடி கழற்றிக் கொடுத்தார். "இந்தா, இங்கன. வெளிய போனதுக்கு ஒரு கையெழுத்து."

தாஜுன்னிசா குனிந்து படித்தாள். கோணல்மாணலான எழுத்தில், அன்றைய தேதிக்கு நேராக எழுதியிருந்தது: 'உக்கிரபாண்டி. பழைய பந்து ஆட்டக்காரர். கூட சம்சாரம்.'

அவள் விரல் அந்த வரியைத் தொடப் போயிற்று. அதற்குள் அவன் பேனாவைத் தாளில் வைத்துவிட்டான். தேவிபட்டினம் தபாலாபீசில் சதக்கத்துல்லா என்று எழுதுவதற்குள் அவன் பேனா இரண்டு இடத்திலாவது நின்றுவிடும். இங்கே எங்கும் நிற்கவில்லை. முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை ஒரே ஓட்டமாகப் போய், வாலைக் கீழே இழுத்து, அவள் சொல்லிக்கொடுத்த அந்தச் சுழியைச் சுழித்து நின்றது.

மை காயட்டும் என்று சின்னக்கருப்பன் அதன்மேல் ஊதினார்.